கம்பியும் கணக்கும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வியின் பெருமையைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே ஒரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் உள்ளது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களை அங்கே எண்ணுகின்றனர். கருவியின் அமைப்பு எளியது. 6 மீட்டர் நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள சதுர இரும்புக் குழாய், நடுவே 0.1 மி.மீ. பருமனுள்ள டங்ஸ்டன் கம்பி. உள்ளே ஆர்கான், மீத்தேன் வாயுக்கலவை. இத்தகைய குழாய்கள் 3,712 உள்ளன.

உட்பாயும் துகள் வாயு அணுக்களிலிருந்து சில எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. அவை நேர்மின் கம்பியை நோக்கி ஓடுகின்றன. அச்சிலவற்றைக் கருவி எவ்வாறு உணர்கிறது? விடை மின்புலக் கணக்கில் உள்ளது.

சந்தைக்கு நாற்புறமிருந்தும் மக்கள் வருவதை எண்ணிப் பாருங்கள். ஊரெல்லையில் நெருக்கமில்லை, சந்தை வாயிலில் தோளோடு தோள் இடிக்கும். மின்விசைக் கோடுகளும் மெல்லிய கம்பியருகே அவ்வாறே நெருங்குகின்றன. குழாய் வட்டமானது, அதன் ஆரம் 5 செ.மீ., மின்னழுத்தம் 3,000 வோல்ட் எனக் கணக்கிற்காகக் கொள்வோம். கம்பியின் ஆரம் 0.005 செ.மீ. இரு ஆரங்களின் விகிதம் 1,000; அதன் இயல் மடக்கை ஏறத்தாழ 6.9. மின்னழுத்தத்தை 6.9 ஆலும், கம்பியின் மையத்திலிருந்து உள்ள தொலைவாலும் வகுத்தால் அவ்விடத்து மின்புலம் கிடைக்கும். குழாய்ச் சுவரில் அது செ.மீ.க்கு 87 வோல்ட். கம்பியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 87,000 வோல்ட்! அங்கே விரைவு பெற்ற எலக்ட்ரான் வாயு அணுவில் மோதி மற்றொன்றை விடுவிக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுவதால் கருவி அதனை உணர்கிறது.

1968இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் சார்பாக் பல கம்பிகளை வரிசையாக அமைத்தார். 1992இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே ஒவ்வொரு கம்பியின் புலத்தையும் திசையறிந்து கூட்ட வேண்டும். கணிப்பொறி அதனைச் செய்தாலும் அடிப்படை இதே மடக்கைதான். உதகையில் 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் கடந்தபோது மியூவான்கள் குறைந்ததைக் கொண்டு, அம்மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் எனக் கணித்து 2019இல் வெளியிட்டனர்.

இக்கணக்கை நாம் ஐம்பது வயது கடந்த பின்னரே கற்றோம். மாணவப் பருவத்தில், "மடக்கை அட்டவணை உங்களுக்கெல்லாம் எதற்கு?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். அச்சொல்லுக்கு அஞ்சிக் கணிதத்தை விட்டு வரலாற்றில் பி.ஏ. பயின்றோம். கணக்கில் நம்மினும் வல்ல நண்பர் ஒருவர் பள்ளியையே விட்டு உப்பளத்திற்குச் சென்றார். அவ்விழப்பை எவ்விழாவும் ஈடுசெய்யாது.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பு முதல் பயிலும் கேளம்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு இவ்வாண்டே மாலை நேரக் கணித வகுப்பைத் தொடங்குங்கள். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் நூல் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வழிவந்த நமக்கு எண்கள் அந்நியமல்ல. முதல் வகுப்பிற்குக் கரும்பலகையைத் துடைத்து வைக்க நாம் வருகிறோம்.