எதிர்க்கருத்தும் நம் மனுவில் இருக்கட்டும்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பட்டர்வொர்த்தில் மின்சாரச் சாமான் கடை நடத்தும் அண்ணன் தம்பிகள் நாங்கள். படிப்பு பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு சரி. மேடைப் பேச்சு பழக்கமில்லை. நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லவே வந்தோம்.

2017 ஜூலையில், இந்திய முஸ்லிம்களுக்குப் பூமிபுத்ரா தகுதி கேட்டு கிம்மா வைத்த கோரிக்கையை அரசாங்கம் ஆராயும் என்று அன்றைய பிரதமர் நஜிப் சொன்னார். நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. தொழில் கடன், வீடு, பிள்ளைகளின் மேற்படிப்பு என்று நாங்கள் ஆதரித்து எழுதினோம். எங்கள் மாமு ஒருவர், ‘இது நமக்கு வேண்டாம்’ என்று ஒரே வரி எழுதினார்.

ஒரே குடும்பத்தில் ஒருவர் பிறப்புப் பத்திரத்தில் மலாய்க்காரர், இன்னொருவர் இந்தியர் என்று இருப்பது உங்களுக்குத் தெரியும். இஸ்லாத்தைப் பின்பற்றுவது, மலாய் பேசுவது, மலாய் வழக்கத்தைக் கடைப்பிடிப்பது ஆகியவற்றை வைத்தே அரசியல் சாசனத்தின் 160-வது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது. மாமுவின் பிள்ளைகள் மலாய்க்காரர்களாகப் பதிவானவர்கள். ‘உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாமா?’ என்று எழுதினோம். பலர் கட்டைவிரல் காட்டிப் பாராட்டினார்கள். மாமு குழுவை விட்டு வெளியேறினார். அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. எங்கள் பாலிடெக்னிக் விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் அவர்.

அத்தா சொல்லி, பெரி ஏறித் தீவுக்குப் போனோம். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு மாமு சொன்னார்: “என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. நான் பேசுவதை அவங்க அம்மா மலாயில் சொல்லித்தான் புரியுது. உங்க வீட்டுக்கும் அது வரவேண்டாம் என்றுதான் எழுதினேன்.”

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கருத்தை இன்றும் முழுதாக ஏற்கவில்லை. கடனுக்கு அலையும் வியாபாரியின் சிரமமும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததை நாங்கள் கேட்கவே இல்லை.

2018 மே மாதம் ஆட்சி மாறியது. கோரிக்கை நிறைவேறவில்லை. குழுவில் நாங்கள் வென்றதால் யாருக்கு என்ன கிடைத்தது?

நாடாளுமன்றத்தின் 222 தொகுதிகளில் நாம் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையை நம்பி நாம் அதிகாரத்தின் முன் நிற்க முடியாது. நம்மை அனுப்பியவர்கள் அத்தனை பேரின் மனதையும் அறிந்து பேசினால்தான் மதிப்பு. பினாங்கில் தென்னிந்தியரின் தலைவராக இருந்த கபித்தான் காதர் மைதீன், 1801-இல் கம்பெனியிடம் நிலம் பெற்றுக் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் வக்ஃபு சொத்து நிர்வாகத்தில் பிற்காலத்தில் சச்சரவு மிகுந்தது. 1905-இல் ஆங்கிலேய அரசு சட்டம் போட்டு, வாரியம் அமைத்து, அதைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி நம் சங்கம் எந்த அமைச்சருக்கு மனு கொடுத்தாலும், முதலில் நேரில் அமர்ந்து மஷூரா செய்வோம். உடன்படாதவர் சொல்லும் காரணத்தையும் அவர் ஒப்பும்படி அந்த மனுவிலேயே எழுதுவோம். திருக்குர்ஆனில் கலந்தாலோசனையின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

மாமு இப்போது பெருநாளுக்கு வருகிறார். குழுவில் மட்டும் சேரவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்.