ஒழுகல் ஓரிடம், காரணம் வேறிடம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்பமா ஏதாவது பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர். அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய புல்லட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தயாரான அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராக இருந்த என் அப்பா 1986இல் அந்த வண்டி ஒன்றை வாங்கினார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

2008இல், மூன்றாம் ஆண்டு விடுமுறையில், அப்பா இல்லாத நேரம் பார்த்து டைமிங் கவரைக் கழற்றினேன். அது ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினேன். அலுமினிய முகப்பில் ஒரு கீறல். பேஸ்டைத் தடவி மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் வருஷக்கணக்காக ஒழுகல். அம்மா போடும் கோலத்தில் தினமும் ஒரு கறுப்புப் புள்ளி. "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று மெக்கானிக்குகள் மேலும் மேலும் பேஸ்ட் போட்டார்கள். போன வருஷம் அப்பா, "காயலான் கடைக்குப் போட்டுரலாம்டா, எனக்கும் கிக்கர் உதைக்க முடியல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நாலு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே வேலை. முதலில் மண்ணெண்ணெயால் எஞ்சினைக் கழுவி, முகப் பவுடரைத் தூவி ஓட்டினேன். பவுடரில் ஈரக்கோடு தெரிந்தது. ஆரம்பம் என் கீறல்தான்! ஆனால் வேகமாக ஓட்டினால் மட்டும் அதிகம் ஒழுகுவானேன்?

முதலாண்டுக் கணக்குதான். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சி.சி. காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அழுத்துகிறது. அது வெளியேற ப்ரீதர் குழாய்; அதன் நுனியில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர். வெளியே விடும், உள்ளே விடாது. எங்கள் வண்டியில் அது கல்லாக இறுகிக் கிடந்தது. பிஸ்டன் ரிங்குகளும் தேய்ந்து, எரிந்த புகையும் கீழே இறங்கியிருக்கிறது. மூச்சு விட வழியில்லாத எஞ்சின், பலவீனமான இடத்தில் எண்ணெயைத் தள்ளியது. வெளியே எத்தனை பேஸ்ட் போட்டு என்ன பயன்?

எஞ்சினைப் பிரித்தோம். சிலிண்டரைத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்குகளும் போட்டோம். ப்ரீதர் ரப்பரின் விலை ஒரு டீ, பன் விலைதான். கவரைக் கண்ணாடிப் பலகைமேல் எமரி பேப்பர் விரித்துத் தேய்த்தேன். ஃபிட்டிங் ஷாப்பில் நாம் சலித்துக்கொண்டே செய்த ப்ளூ மேட்சிங் ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

கேஸ் பக்கத்து முகப்பை அப்பா கட்டைவிரலால் தடவினார். கண் மங்கியவர். "இங்க பிசிர் நிக்குது பாரு. பள்ளத்தைப் பேக்கிங் அடைச்சுக்கும், மேடுதான் பேக்கிங்கைத் தூக்கிப் பிடிக்கும்" என்று எண்ணெய்க்கல்லைக் கையில் எடுத்தார். தேய்த்துக்கொண்டே, "நீ நெம்புனது அன்னைக்கே தெரியும்டா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. "தப்புதான்ப்பா" என்றேன், பதினைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாக.

திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். அப்பா டிகம்ப்ரஷரை அமுக்கினார், நான் கிக்கரை உதைத்தேன். நாலாவது உதையில் பழைய சத்தம். மறுநாள் காலையில் அம்மா கோலத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சான்றிதழ்.

இங்கே வந்திருக்கும் மாணவத் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஒழுகும் இடத்தை அடைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். அந்தக் காரணம் நீங்களாகவே இருந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.