காலும் கருத்தும் ஒருங்கே

(இலேசான அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைகளுக்கான இருபணிப் பயிற்சி குறித்துக் கிளிஞ்சல்மேட்டில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நீர்க்குடத்தை இடுப்பில் ஏந்திய பெண், பக்கத்து வீட்டாருடன் பேசிக்கொண்டே நடந்து வருகிறாள். குடம் தளும்புவதில்லை, பேச்சும் அறுவதில்லை. கால் ஒரு வேலையையும் கருத்து மற்றொரு வேலையையும் ஒரே நேரத்தில் செய்கின்றன. பெரும்பாலோர்க்கு இயல்பாக அமைந்துவிடும் இந்தத் திறம், சில குழந்தைகளுக்கு மலையேற்றம் போன்றது. அக்குழந்தைகளுக்கு அதனைப் படிப்படியாகக் கற்பிக்கும் முறையே இருபணிப் பயிற்சி. உடலால் ஒரு பணியையும் உள்ளத்தால் ஒரு பணியையும், அல்லது உடலாலேயே இரு பணிகளையும் ஒருங்கே செய்யப் பழக்குவது இதன் சாரம்.

இலேசான குறைபாடு என்பது யாது?

அறிவுசார் குறைபாடு நோயன்று, மனநோயும் அன்று. வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கி, சிந்தித்தல், கற்றல், அன்றாட வாழ்க்கையை நடத்துதல் ஆகியவற்றில் காணப்படும் தாழ்வு அது. அறிவெண் 50 முதல் 69 வரை உள்ள நிலையை இலேசானது என்று வகுப்பது நெடுநாளைய மருத்துவ வழக்கு. ஆயினும் அறிவெண் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது. உண்ணல், உடுத்தல், கடைக்குச் சென்று மீளல், பிறரோடு பழகுதல் ஆகியவற்றையும் அளந்தறிதல் வேண்டும். இதற்கெனவே அமெரிக்க உளவியலாளர் எட்கர் டால் 1935-இல் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலை வகுத்தார். நாகபுரியில் பணியாற்றிய மாலின் என்பவர் அதனை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். இன்றும் இந்நாட்டு மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது.

அறிவுசார் குறைபாடு உடையோருள் மிகப் பெரும்பான்மையோர் இந்த இலேசான வகையினரே. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. நடக்கவும் பேசவும் சற்றுத் தாமதமாகும். "அப்பாவும் இப்படித்தான் இருந்தார்" என்று இல்லத்தார் ஆறுதல் கொள்வர். பள்ளியில் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வந்தபின்னரே ஆசிரியர் ஐயுறுவார். அதற்குள் "மந்தம்", "சோம்பேறி" என்னும் பட்டங்கள் குழந்தையின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. உண்மையில் இக்குழந்தைகள் தக்க பயிற்சி பெற்றால் படிக்கவும் தொழில் செய்யவும், பெருமளவு தாமே வாழவும் வல்லவர்கள். பயிற்சி கிடைக்காமல் போவதே இழப்பு.

இரண்டு பணி ஏன் கடினம்?

கவனம் என்பது அளவுடைய ஒரு செல்வம் என்று உளவியலாளர் டேனியல் கானெமன் 1973-இல் தம் நூலில் விளக்கினார். பழகிய செயலுக்குச் சிறிதளவே செலவாகும். பழகாத செயல் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நடை நன்கு பழகியவர்க்கு நடப்பதற்கான செலவு மிகக் குறைவு. எஞ்சியது பேச்சுக்கும் எண்ணத்துக்கும் கிடைக்கிறது. நடையே முழுமையாகப் பழகாத குழந்தைக்கோ, ஒவ்வோர் அடிக்கும் கவனம் தேவைப்படுகிறது. அந்நேரத்தில் ஒரு வினாவை எழுப்பினால் கால் தடுமாறும், அல்லது விடை மறக்கும், அல்லது குழந்தை அப்படியே நின்றுவிடும்.

இதே உண்மையை முதியோரிடம் கண்டறிந்தவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். இல்லமொன்றில் வாழ்ந்த 58 முதியோரை நடக்கச் செய்து, இடையே பேச்சுக் கொடுத்தனர். பேசுவதற்காக நின்றுவிட்டவர் 12 பேர். அடுத்த ஆறு மாதங்களில் அவர்களுள் 10 பேர் கீழே விழுந்தனர். 1997-இல் வெளிவந்த இச்சிற்றாய்வு, நடையும் சிந்தனையும் ஒரே களஞ்சியத்திலிருந்து உண்கின்றன என்பதை உலகுக்கு உணர்த்தியது. முதியோர்க்கெனத் தோன்றிய இருபணிப் பயிற்சி, பின்னர்க் குழந்தைகளுக்கும் விரிந்தது.

ஆன்றோர் இதனை அறியாதவர் அல்லர். ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈர்யா சமிதி, நடக்கும் முனிவர் நான்கு முழ அளவு முன்னுள்ள நிலத்தை நோக்கி, வேறு பேச்சிலும் நினைவிலும் கருத்தைச் சிதறவிடாமல் நடக்கவேண்டும் என்கிறது. சிற்றுயிரும் மிதிபடாதிருக்க வேண்டுமாயின், கண்ணும் காலும் கருத்தும் ஒரு பணியிலேயே நிற்கவேண்டும். பேச்சு கவனத்தைப் பங்கிடும் என்னும் அறிவு அந்த நெறியினுள்ளேயே பொதிந்திருக்கிறது.

மறுமுனையில் நிற்பது அவதானக் கலை. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானி என்று பெயர் பெற்றார். காந்தியடிகள் பெரிதும் மதித்த ஸ்ரீமத் ராஜசந்திரரும் இளமையிலேயே சதாவதானம் நிகழ்த்தியவர். பின்னர் அப்புகழை விட்டொழித்து அகவழியில் சென்றார். ஒருமுனையில் ஒன்றே பணி. மறுமுனையில் நூறு பணி. இக்குழந்தைகளுக்கு வேண்டுவது ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும் முதற்படி மட்டுமே. தெருவைக் கடப்பதற்கும், கடையில் சில்லறை எண்ணிக்கொண்டே பையைப் பிடிப்பதற்கும், பேருந்தில் கம்பியைப் பற்றிக்கொண்டே நிறுத்தத்தை நினைவில் வைப்பதற்கும் அந்த ஒரு படி போதும்.

அளந்தறியும் முறை

முதலில் குழந்தை இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதை அறியவேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரவேண்டும். ஆகும் நேரத்தைக் குறிக்கவேண்டும். 1991 முதல் உலகெங்கும் வழக்கில் உள்ள சோதனை இது. அடுத்து, நடக்கும்போதே நிறங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி மீண்டும் நேரம் குறிக்கப்படுகிறது. வெறும் நடைக்கு 10 நொடியும், பெயர் சொல்லி நடக்க 14 நொடியும் ஆயின், நான்கு நொடி கூடுதல். அதாவது 40 விழுக்காடு. இதுவே இருபணிச் செலவு. சில வாரங்கள் கழித்து அது 25 விழுக்காடாகக் குறைந்தால் பயிற்சி பலன் தருகிறது என்று கொள்ளலாம். நேரம் குறைந்து பெயர்களில் பிழை மிகுந்தால் அது முன்னேற்றமன்று. ஆகவே பிழைகளையும் எண்ணவேண்டும்.

பயிற்சியின் படிகள்

முதற்படியில் ஒரே பணி. நேர்க்கோட்டில் நடத்தல், ஒற்றைக்காலில் நிற்றல், பந்தைப் பிடித்தல் ஆகியவை தனித்தனியே நன்கு பழகவேண்டும். இப்படியைத் தாண்டிச் செல்ல விரைவதே பலர் செய்யும் தவறு. நிற்கத் தடுமாறும் குழந்தையிடம் கணக்குக் கேட்டால் அச்சமே வளரும்.

இரண்டாம் படியில் இரு உடற்பணிகள்: தட்டில் பந்தை வைத்துக்கொண்டு நடத்தல், நீர் நிறைந்த குவளையைச் சிந்தாமல் ஏந்திச் செல்லல்.

மூன்றாம் படியில் நடையோடு சிந்தனை: கிழமைகளைச் சொல்லிக்கொண்டே நடத்தல், ஒன்று முதல் பத்து வரை எண்ணுதல், பின்னர்ப் பத்திலிருந்து இறங்கி எண்ணுதல், "சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் நட" என்னும் ஆணைக்கு இணங்கல்.

நான்காம் படியில் தளம் மாறும்: மெத்தை, மணல், சரிவு. இங்குச் சிந்தனைப் பணி மீண்டும் எளிதாக்கப்படவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கடினமாக்குவது நெறி.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரைமணி முதல் முக்கால் மணி வரை, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் என்பது இத்தகைய பயிற்சித் திட்டங்களில் காணப்படும் பொது அளவு. நாள்தோறும் வீட்டில் பத்து நிமிடம் சேர்த்தால் நலம்.

கிளிஞ்சல்மேட்டு மணலில்

காரைக்கால் கடற்கரை ஊர்களுள் ஒன்றான கிளிஞ்சல்மேடு தன் பெயரிலேயே பயிற்சிப் பொருளைத் தாங்கி நிற்கிறது. விலை கொடுத்து வாங்கும் கருவி எதுவும் இங்குத் தேவையில்லை. ஈர மணல் உறுதியான தளம். உலர்ந்த மணல் நெகிழும் தளம். கரையொதுங்கிய வெற்றுக் கிளிஞ்சல்களை வெண்மை, கருமை எனப் பிரித்து இரு கூடைகளில் இட்டவாறே நடப்பது மூன்றாம் படிக்குரிய முழுமையான பயிற்சி.

கடலோர வாழ்வே இருபணிகளால் நெய்யப்பட்டது. சோழமண்டலக் கரையில் கரைவலை இழுப்போர், மணலில் கால் ஊன்றிப் பின்னோக்கி அடி வைத்தவாறே அம்பாப் பாட்டுப் பாடினர். பாட்டின் தாளமே அடிகளை ஒழுங்குபடுத்தியது. வயலில் நாற்று நட்டோர் பாடியதும் இவ்வாறே. சிறுவர் விளையாட்டுகளும் அப்படியே: மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடும் சடுகுடு, கட்டங்களை எண்ணி நொண்டியடிக்கும் பாண்டி, கைகொட்டிப் பாடிச் சுற்றிவரும் கும்மி, எதிரில் உள்ளவரின் கோலை நோக்கி அடிக்கும் கோலாட்டம். இவ்விளையாட்டுகள் தெருவை விட்டு மறைந்தபோது, செலவில்லாத மருத்துவம் ஒன்றும் மறைந்தது.

ஆனால் குறைபாடு உடைய குழந்தையோ அவ்விளையாட்டுகள் இருந்த காலத்திலும் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. இத்தகைய ஊரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டத்தில் அடிக்கடி விழுகிறான். ஆட்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. அலையும் சாலையும் அருகில் இருப்பதால், அன்னை அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட கரையில் அவளது அச்சத்தைக் குறைகூற இயலாது. எனினும் வீட்டுக்குள் இருக்க இருக்க அவன் நடை தளர்கிறது. தளரத் தளர அச்சம் மிகுகிறது. இந்த வளையத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்கவேண்டும். பெரியவர் ஒருவரின் காவலில் அலை எட்டாத மணலில் நாளும் பத்து நிமிடம் நடத்திப் பழக்குவது, அறுப்பதற்கு ஏற்ற இடம்.

மீன்பிடித் தொழில் ஜினநெறியினர் மேற்கொள்ளாதது. ஆயினும் கருணை, தொழில் பார்த்து எழுவதன்று. வலையருகே பிறந்த குழந்தையும் வணிகர் இல்லத்தில் பிறந்த குழந்தையும் தடுமாறும்போது நீட்டப்படும் கை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

எல்லையும் எச்சரிக்கையும்

இப்பயிற்சி அறிவெண்ணை உயர்த்தும் என்று யாரேனும் வாக்களித்தால் நம்பவேண்டா. உடற்சமநிலை, நடையின் உறுதி, கவனத்தைப் பங்கிடும் திறம் ஆகியவையே இதன் பயன்கள். போலந்து நாட்டில் அறிவுசார் குறைபாடு உடைய பதின்பருவத்தினரிடம் நடத்தப்பெற்று 2015-இல் வெளிவந்த ஆய்வு, இருபணிப் பயிற்சியை உடற்சமநிலைக்கெனச் சோதித்தது. அதனை நடத்தியவர்களே அது முதற்கட்ட அறிக்கை என்று குறித்தனர். துறை இளையது; நம்பிக்கைக்கு இடமுண்டு, மிகைக்கு இடமில்லை.

தொடங்குமுன் கண், காது, தைராய்டு ஆகியவற்றை மருத்துவர் நோக்கவேண்டும். வலிப்பு உடைய குழந்தைக்குத் தனிக் கவனம் தேவை. டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் நெகிழ்ந்திருக்கும். பலருக்கு இதயக் குறையும் இருக்கும். அவர்களைக் குட்டிக்கரணம் போட விடுதல் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான விதி ஒன்று: களைப்பு வருமுன் நிறுத்துக; பிழைக்குக் கடிந்துகொள்ளாதிருக்க. கடுஞ்சொல்லும் குழந்தையின் கவனத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும்.

உதவிக்கு வாயில்கள்

செகந்தராபாத்தில் 1984-இல் அறிவுசார் குறைபாட்டுக்கெனத் தேசிய நிறுவனம் தோன்றியது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. தென்காசிப் பகுதியிலுள்ள ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் தொண்டாற்றி வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடு அவற்றுள் ஒன்று. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுவதில் இழிவு ஏதுமில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. பயிற்சி மருத்துவச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

இல்லங்கள் செய்யவேண்டியது இதனினும் எளிது. திருமண வாய்ப்புகள் பாதிக்கப்படும் என்று அஞ்சிக் குழந்தையை மறைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். விழா நாளில் அக்குழந்தையின் கையிலும் பூக்கூடையைக் கொடுத்து, ஆலயத்தை வலம்வரச் செய்யலாம். வலம்வரும்போதே சுற்றினை எண்ணச் சொல்லலாம். வழிபாடும் பயிற்சியும் அங்கே ஒன்றாகும். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானம் மாத்திரையோடு முடிவதன்று. தடுமாறும் காலுக்கு நாள்தோறும் பத்து நிமிடம் துணை நடப்பதும் மருந்தே. "விழுந்தாலும் எழுப்ப ஆளிருக்கிறது" என்னும் உறுதியை அளிப்பது அடைக்கலமே.

எல்லா உயிர்களும் அச்சமின்றி நடக்குமாக! அறம் வளர்க!