நாம் அனைவரும் தத்துப்பிள்ளைகளே!

(ஜூபிலி ஆண்டையொட்டிச் சாலவாக்கத்தில் நடந்த குடும்பங்களின் கூட்டத்தில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)

 

கிறிஸ்தவக் குடும்பமும் இறைநம்பிக்கையும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு எங்களைப் பணித்துள்ளார்கள். நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். மறைநூல் கற்றுத் தேர்ந்தவர்களும் அல்லர். ஏரித் தண்ணீரையும் மாதச் சம்பளத்தையும் நம்பி வாழ்கின்ற சாதாரணக் குடும்பத்தார். ஆனால் தத்தெடுத்து ஒரு மகளை வளர்த்து வருகிறோம். அந்த மகளால் நாங்கள் கற்றுக்கொண்ட ஓர் உண்மையை உங்கள்முன் வைப்பதே எங்கள் நோக்கம். அந்த உண்மை இதுதான்: இந்தக் கோயிலில் கூடியிருக்கின்ற நாம் அனைவரும் தத்துப்பிள்ளைகளே!

இது நாங்களாகச் சொல்வதன்று. புனித சின்னப்பரின் போதனை. உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதிய திருமுகங்களில், நாம் கடவுளின் பிள்ளைகளானது எவ்வாறு என்று விளக்க வந்த அப்போஸ்தலர், தத்தெடுத்தல் என்னும் சொல்லையே கையாளுகிறார். அவர் காலத்து உரோமைச் சட்டப்படி, தத்தெடுக்கப்பட்ட மகன் பெற்ற மகனைப் போலவே முழு உரிமையுள்ளவன். ஜூலியஸ் சீசர் தம் சகோதரியின் பேரனைத் தம் உயிலின் வாயிலாகத் தத்துப்பிள்ளையாக ஏற்றார். அவரே பின்னாளில் அகுஸ்து பேரரசர் ஆனார். நம் ஆண்டவர் பிறந்த காலத்தில் குடிக்கணக்கு எடுக்குமாறு கட்டளையிட்டவரும் அவரே. உலகை ஆண்டவரும் ஒரு தத்துப்பிள்ளை. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பெத்லகேம் சென்ற சூசையப்பரோ வளர்ப்புத் தந்தை! இதில் இறைவனின் திருவுளத்தை நாம் காணவில்லையா?

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வமிச வரலாற்றுடன் தொடங்குகிறார். ஆபிரகாமில் தொடங்கித் தாவீது வழியாக இறங்கி வருகின்ற அந்த வரிசை எவரிடம் வந்து முடிகிறது? சூசையப்பரிடம்! சேசு அவருடைய இரத்தத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும், வானதூதர் சொன்னபடியே சூசையப்பர் குழந்தைக்குப் பெயரிட்டார். பெயரிட்டதால் பிள்ளையைத் தம்முடையதாக ஏற்றார். அதனாலேயே தாவீதின் குலம் பிள்ளைக்கும் உரியதாயிற்று. உதிரத்தால் வராத உறவு, கொடுத்த வார்த்தையால் வந்தது. 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் சூசையப்பருக்கென ஒதுக்கினாரே, அப்போது எழுதிய மடலில், பிள்ளை பிறப்பதனால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை, பிள்ளையைப் பொறுப்போடு பேணுவதால்தான் தந்தையாகிறார் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

அன்பர்களே, இனி எங்கள் இல்லத்தைப்பற்றிச் சில வார்த்தைகள்.

எங்களுக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளைப்பேறு இல்லை. வேளாங்கண்ணிக்குச் சென்று தொட்டில் கட்டினோம். நவநாள் வேண்டினோம். மருத்துவமும் பார்த்தோம். இந்தக் காலத்தில் பிள்ளையில்லாத தம்பதியர் அனுபவிக்கும் வேதனையை இங்கே பலர் அறிவீர்கள். வளைகாப்புக்கு அழைப்பார்கள், வளையல் அடுக்கும் வேளையில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். கோயில் வாசலில் நலம் விசாரிப்பவர்களின் இரண்டாவது கேள்வி எதுவாக இருக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும்.

அந்த நாட்களில் ஒரு தரகர் எங்களைத் தேடி வந்தார். ஓரிடத்தில் குழந்தை பிறக்கப்போகிறது. பெற்றவள் பெயருக்குப் பதிலாக எங்கள் பெயரையே பிறப்புச் சான்றிதழில் எழுதித் தந்துவிடலாம். ஊருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. இவ்வளவு பணம் போதும் என்றார். எங்கள் மனம் அசையவில்லை என்று சொல்ல மாட்டோம். அன்றிரவு இருவரும் உறங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எங்களைத் தடுத்து நிறுத்தியது. பொய்யான ஒரு தாளின்மேல் பிள்ளையின் வாழ்வைத் தொடங்கி வைத்துவிட்டு, பிறகு அதே பிள்ளைக்கு எட்டாம் கற்பனையை எந்த வாயால் கற்றுக்கொடுப்பது? மறுநாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 2019ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றிய வழக்கு எழுந்து தமிழகமே அதிர்ந்ததே, நினைவிருக்கும். பிள்ளைக்காக ஏங்குகிறவர்களின் கண்ணீரை நம்பியே அந்த வியாபாரம் நடக்கிறது.

நேர்வழி எது? இதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் முன்னோர் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு அந்த வழியே சட்டத்தில் சரியாக இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டுமே உரியது. நமக்கு இருந்ததெல்லாம் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே. அதன்படி ஒரு பிள்ளையை வளர்க்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் நாம் தாய் தந்தையர் ஆகோம். பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உரிமையும் முடிந்துவிடும். உயில் எழுதி வைத்தாலன்றிச் சொத்தில் பங்கும் இல்லை. அக்காள் பிள்ளையையும் அநாதைப் பிள்ளையையும் நெஞ்சோடு அணைத்து வளர்த்த எத்தனையோ குடும்பங்களில், பெரியவர்கள் கண் மூடியபின் பங்காளிகள் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தியதுண்டு. மற்ற மதத்தாருக்கும் வழிசெய்யும் மசோதாக்கள் 1972இலும் 1980இலும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை. இறுதியில் 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், அதற்கு 2006இல் வந்த திருத்தமுமே, எந்த மதத்தவரும் ஆதரவற்ற பிள்ளையை முழு உரிமையோடு தத்தெடுக்கலாம் என்னும் கதவைத் திறந்தன. இன்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

அந்தக் கதவு வழியாகவே நாங்கள் சென்றோம். மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவில் 2017இல் பதிவு செய்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, எங்கள் வருமானம், உடல்நலம், மனநிலை அனைத்தையும் கேட்டறிந்தார். பிறகு காத்திருப்பு. ஏரி நிரம்புமா என்று வானத்தைப் பார்த்திருக்கும் உழவனைப் போலக் காத்திருந்தோம். எங்கள் கையில் எதுவும் இல்லை. இறைவனை நம்புவது என்றால் என்ன என்பதை அந்த நாட்களில்தான் உணர்ந்தோம். கேட்டதைக் கேட்டபடி அவர் தருவார் என்று இருப்பது நம்பிக்கையாகாது. அவர் தருவது எதுவாயினும் அதைக் கையேந்திப் பெற நம்மை ஆயத்தம் செய்வதே நம்பிக்கை. 2019இல் எங்கள் மகள் வீடு வந்து சேர்ந்தாள். நாங்கள் கட்டிய தொட்டிலை மாதா வெறுமையாக விடவில்லை. அதில் எந்தப் பிள்ளை படுக்க வேண்டும் என்பதை மட்டும் எங்களிடம் கேட்கவில்லை!

அவள் எங்கே பிறந்தாள், எப்படி வந்தாள் என்பவற்றை இங்கே சொல்ல மாட்டோம். அந்தக் கதை அவளுக்குச் சொந்தமான சொத்து. வளர்ந்தபின் விரும்பினால் அவளே சொல்லட்டும். ஆனால் அவளிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. பேச்சுப் புரியத் தொடங்கிய நாளிலிருந்தே, கதை சொல்வதுபோல் சொல்லி வந்தோம். அவள் வீடு வந்த நாளில் ஆண்டுதோறும் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கிறோம். ஒருநாள், "நான் யார் வயித்துல இருந்தேன்?" என்று கேட்டாள். "வேற ஒரு அம்மா வயித்துல இருந்தே கண்ணு. அந்த அம்மாவால உன்னை வளர்க்க முடியல. அதனால கடவுள் உன்னை எங்ககிட்ட கொண்டுவந்து சேர்த்தாரு" என்றோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இருக்கா?" என்று கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டு இரவுச் செபமாலையில் ஓர் அருள்நிறை மந்திரம் அந்தத் தாய்க்காகச் சொல்லப்படுகிறது. தொடங்கி வைப்பவள் எங்கள் மகளே.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்: பெற்று ஒப்படைத்த தாயை, தூக்கி எறிந்தவள் என்று தயவுசெய்து பேசாதீர்கள். ஒப்படைத்தபின்னும் மனம் மாறித் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் அவளுக்கு 2 மாதம் தவணை தருகிறது. ஏன்? அவள் மனத்தில் என்ன நடக்கும் என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெண் சிசுவைக் கொல்வதற்குப் பதிலாகத் தொட்டிலில் இட்டுச் செல்ல ஒரு வழி செய்தார்கள். அந்தத் தொட்டிலில் வைத்த கை, கொல்ல மனமில்லாத கை அல்லவா?

உண்மையைச் சொன்னால் பிள்ளை நம்மைவிட்டுப் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். நம் வயல்களைப் பாருங்கள். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுகிறோம். அது நட்ட வயலில் வேர் பிடித்து, அங்கேயே கதிர் விடுகிறது. ஆனால் நாற்றங்காலே இல்லை என்று எந்த உழவனும் பொய் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதில் கோயிலில் காணாமற்போன சேசு, கிடைத்தபோது தம் உண்மையான தந்தையின் இல்லத்தைப்பற்றிப் பேசினார் என்று புனித லூக்காஸ் எழுதுகிறார். தேடிக் களைத்து நின்ற சூசையப்பர் அதைக் கேட்டுக் கோபித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. பிள்ளையும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்தார். எங்கள் மகளும் 18 வயது நிறைந்தபின், தன் பிறப்பைப்பற்றி அறிய ஆணையத்துக்குத் தானே விண்ணப்பிக்கலாம். அவள் விரும்பினால், துணைக்கு நாங்களும் செல்வோம்.

இன்னொரு கேள்வியும் எங்கள் காதில் விழுந்தது. "பிள்ளை எந்தச் சாதியோ?" என்றார்கள். வருத்தத்துடன் சொல்கிறோம், கேட்டவர்கள் வெளியார் அல்லர். நம்மோடு நற்கருணை வாங்குகிறவர்களே. எங்கள் மறுமொழி ஒன்றுதான்: ஞானஸ்நானத் தண்ணீர் இதைக் கழுவவில்லை என்றால் பின் எதைத்தான் கழுவிற்று? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 110ஆம் சட்டம், நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளே என்று ஏற்கிறது. 877ஆம் சட்டப்படி, ஞானஸ்நானப் பதிவேட்டில் எங்கள் பெயரே அவளுடைய பெற்றோர் பெயராக எழுதப்பட்டுள்ளது. தாய்த் திருச்சபை கணக்கில் சேர்த்த பிள்ளையை நாம் கணக்கிலிருந்து தள்ளலாமா?

நல்லெண்ணத்தோடு சிலர், "பெரிய புண்ணியம் செஞ்சிருக்கீங்க" என்கிறார்கள். "இனிமே உங்களுக்குச் சொந்தமாவும் ஒண்ணு பிறக்கும்" என்று ஆசி கூறுவோரும் உண்டு. அன்பர்களே, எங்கள் மகள் எங்கள் புண்ணியக் கணக்கில் ஒரு வரவு அன்று. இன்னொரு பிள்ளையை வரவழைக்கும் நேர்த்திக்கடனும் அன்று. அவள் எங்களுக்கு நன்றிக்கடன் பட்டவளும் இல்லை. அவளே எங்கள் சொந்தம். அதோடு, பிள்ளையில்லாதவர் எல்லாரும் தத்தெடுத்தே ஆக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை இல்லையென்றாலும் இல்லறம் நிறைவான இல்லறமே என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் குடும்பங்களுக்கு எழுதிய மடலில் தெளிவாகக் கற்பித்துள்ளார்.

நிறைவாக, நம் பங்குக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். வளைகாப்பிலும் திருமண வீட்டிலும் பிள்ளையில்லாத பெண்ணை முன்னால் அழைத்து ஆசி கூறச் செய்யுங்கள். ஞான உபதேச வகுப்பில் எந்தப் பிள்ளையின் பிறப்பைப்பற்றியும் கேள்வி எழுப்பாதீர்கள். வளர்க்க இயலாத குழந்தை ஒன்று இருப்பது தெரிந்தால், கைக்குக் கை மாற்றாதீர்கள். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1098 என்னும் எண்ணுக்கு அழையுங்கள்; அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவியுங்கள். தத்தெடுக்க விரும்புவோர் நேர்வழியில் பதிவு செய்யுங்கள். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு ஆணை வழங்குகிறார். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். தாள்களைப்பற்றியும் காத்திருப்பைப்பற்றியும் கேட்க விரும்பினால், எங்கள் வீட்டுக் கதவு என்றும் திறந்திருக்கும்.

ஜூபிலி என்பது, இழந்த நிலம் உரியவனிடம் திரும்புகின்ற ஆண்டு. அடிமையாய்ப் போனவன் தன் வீடு வந்து சேருகின்ற ஆண்டு என்று பழைய ஏற்பாட்டில் வாசிக்கிறோம். வீடு இல்லாத ஒரு பிள்ளை வீடு வந்து சேர்வதைவிட இந்த ஆண்டுக்கு ஏற்ற காரியம் வேறென்ன இருக்க முடியும்? விண்ணகத் தந்தை நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றபோது, நம் குலத்தைக் கேட்கவில்லை. நம் தகுதியைக் கேட்கவில்லை. அவர் நமக்குச் செய்ததை நாமும் ஒருவருக்கொருவர் செய்வோமாக.

 திருக்குடும்பத்தின் தலைவரான புனித சூசையப்பர் நம் குடும்பங்கள் அனைத்தையும் காப்பாராக. மரியே வாழ்க!