பழுப்பு வேறு, இறப்பு வேறு: குளிர் நாடுகளில் அருகம்புல்



‘தோ பாயோ’ என்பதற்குப் பெரிய சதுப்பு நிலம் என்று பொருள். அச்சதுப்பு மேடாகி, வீவக குடியிருப்புகள் எழுந்து, அவற்றினிடையே புல்தரைகளும் விரிந்தன. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல வாரங்கள் மழை பொய்த்தபோது, இந்நகரின் புல்தரைகள் பழுப்பேறிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புல் பட்டுப்போயிற்று என்றே பலரும் எண்ணினோம். மார்ச் மாதம் மழை திரும்பியதும் தரை மீண்டும் தளிர்த்தது. பழுப்பு வேறு, இறப்பு வேறு என்பதை அன்று நம் காலடியிலேயே கண்டோம். இன்றைய உரை அவ்வேறுபாட்டைப் பற்றியது.

அட்லாண்டா நகரில் வாழும் என் மகள் ஓர் ஜனவரி மாதம் தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா, வாசல் புல் முழுவதும் வைக்கோலாகிவிட்டது. பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிதாகப் பதிக்கலாமா?” என்று கேட்டாள். அங்கே பெர்முடா புல் என்று வழங்குவது நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களுமே.

அருகு வெப்பநிலப் புல். ஏறத்தாழ 27 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது செழித்து வளரும். கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் சிறப்பாக இயங்கும் அதன் ஒளிச்சேர்க்கை முறை, குளிரில் தளர்ந்துவிடும். மண்ணின் வெப்பம் 10 பாகையை நெருங்கும்போது வளர்ச்சி நின்று, பச்சையம் சிதைந்து, இலை பழுக்கிறது. ஆயினும் குருத்தடியும், தரைமேல் படரும் ஓடுதண்டும், மண்ணுக்குள் செல்லும் மட்டநிலத்தண்டும் உயிரோடு உறங்குகின்றன.

இவ்வுறக்கம் ஓரிரவில் வருவதன்று. இலையுதிர் காலத்தில் சிறுகச் சிறுகக் குறையும் வெப்பம் புல்லைப் பழக்குகிறது. தண்டுகளில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்கின்றன. உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பு, குளிரில் எளிதில் இறுகாத வகையினதாக மாறுகிறது. உறைபனியில் பனிக்கட்டி முதலில் உயிரணுக்களுக்கு இடையே தோன்றி, அவற்றின் நீரை வெளியே ஈர்க்கும். அந்நீரிழப்பைத் தாங்கச் சேர்த்துவைத்த சர்க்கரை துணைநிற்கிறது.

பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என இரண்டாகப் பகுத்தது தமிழ் மரபு. மாதக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறினும், புல்லின் நிலையை விளக்க இவ்விரு சொற்களும் மிகப் பொருந்துகின்றன. முன்பனி புல்லைப் பழக்கும். பின்பனியே அதற்குப் பெரிய ஆபத்து. குளிர் முடியும் தறுவாயில் சில நாள் வெயில் காய்ந்தால், புல் தன் சேமிப்பைச் செலவிட்டுத் தளிர்விடுகிறது. குளிர் தாங்கும் திறனையும் இழக்கிறது. அந்நேரம் உறைபனி மீண்டும் இறங்கினால், மறுமுறை தளிர்க்கக் கையிருப்பு இராது.

ஆகவே காவல் குளிருக்கு முன்பே தொடங்க வேண்டும். கடைசி வெட்டுகளில் புல்லைச் சற்று உயரமாக விட வேண்டும். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் தழைச்சத்து மிகுந்தால் இளந்தளிர் பெருகிக் குளிருக்கு இரையாகும். சாம்பல்சத்துக் குறைந்தாலும் தாங்குதிறன் குன்றும். நீர் தேங்கக் கூடாது; நிழல் மிகக் கூடாது; உறைந்த புல்லை மிதிக்கவும் கூடாது.

பழுப்பைப் பொறுக்காதோரும் உண்டு. 1980களில் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் குளிர்காலத்தில் நடைபெற்ற டொயோட்டா கிண்ணக் காற்பந்தாட்டங்களைத் தொலைக்காட்சியில் கண்டோர், வைக்கோல் நிறத் தரையில் பெருங்குழுக்கள் மோதியதை நினைவுகூர்வர். பின்னாளில் அங்கே குளிர்நிலப் புல்லின் விதையை மேலே தூவிக் குளிர்காலத்திலும் பச்சை காட்டினர். கண்ணுக்கு அழகுதான், ஆனால் இளவேனிலில் மேற்புல் ஒளியையும் நீரையும் பறித்துக்கொள்ள, கீழே விழித்தெழும் வேனிற்புல் மெலிகிறது. வேறொரு வழி, குளிர் தாங்கும் வகைகளை உருவாக்குவது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘நார்த்பிரிட்ஜ்’, ‘லாட்டிட்யூட் 36’ ஆகிய அருகு வகைகள் அம்முயற்சியின் பயன்கள்.

மகளுக்கு ஒரு சிறு சோதனையைச் சொன்னேன். பல இடங்களில் கையளவு புற்கட்டிகளை மண்ணோடு பெயர்த்துத் தொட்டிகளில் இட்டு, வீட்டுக்குள் வெயில்படும் சன்னலருகே வைத்து நீர் தெளித்து வருமாறு கூறினேன். மூன்றாம் வாரம் படம் அனுப்பினாள். வைக்கோலினிடையே பசுந்தளிர்கள் தெரிந்தன. வீட்டின் வடபுறத்து நிழலில் எடுத்த கட்டி மட்டும் தளிர்க்கவில்லை. கோடை நெருங்கியபின் அந்த ஓரிடத்தில் மட்டும் புதுப்புல் பதித்தாள். அவசரப்பட்டிருந்தால் உயிருள்ள தரை முழுவதையும் அழித்திருப்பாள்.

மணமக்களை வாழ்த்தும்போது ஆலையும் அருகையும் உவமை கூறுவது நம் வழக்கம். ஆலுக்குத் தழைத்தலைச் சொன்ன முன்னோர், அருகுக்கு வேரோடுதலைச் சொன்னார்கள். அவர்கள் வேர் என்றதில் இன்று நாம் மட்டநிலத்தண்டு என்பதும் அடங்கும். பனியே உறையாத சமவெளியில், கோடையில் காய்ந்து மழையில் எழும் அருகைக் கண்டே அவர்கள் அதனை அறிந்திருக்க வேண்டும். குளிர் நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் வாசற்புல் பழுத்தது கண்டு கலங்கினால், மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள்.