வெட்டி எடுத்தீங்க சரி, அந்த இடத்துல என்ன வெச்சீங்க?

வழக்கமா இங்க வேலை, சம்பளம், கோடிங்னு பேசுவோம். இந்த வாரம் கண்ணைப் பத்தி. போன மாசம் எங்க பெரியப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. அதே கண்ணு, அதே இடம், ரெண்டாவது தடவை.

பெரியப்பா தூத்துக்குடி உப்பளத்துல 30 வருஷம் வேலை பார்த்தவர். உப்பு மேல வெயில் பட்டு கண்ணைக் கூசவைக்கிற இடம். அவருக்கு மூக்குப் பக்கத்து வெள்ளை விழியில இருந்து ஒரு முக்கோணச் சதை கிளம்பி, கருவிழி மேல ஏற ஆரம்பிச்சுது. இதுக்குப் பேரு டெரிஜியம். சிறகுன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பேரு. வருஷக்கணக்கா புற ஊதாக் கதிர் படுறதுதான் முக்கியக் காரணம். தூசியும் காத்தும் கூடச் சேரும். நிறைய பேர் இதைப் புரைன்னு நினைச்சுக்கிறாங்க. புரை கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ்ல வர்றது. இது கண்ணோட மேற்பரப்புல வளர்றது.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்ல. சின்னதா இருந்தா, உறுத்தலுக்குச் சொட்டு மருந்து போதும். கண்ணோட நடுப்பகுதியை நோக்கி வளர்ந்தாலோ, கருவிழியோட வளைவை மாத்திப் பார்வையை மங்கவெச்சாலோதான் ஆபரேஷன் பத்தி யோசிப்பாங்க.

பெரியப்பாவுக்கு முதல் தடவை பண்ணது பழைய முறை. சதையை வெட்டி எடுத்துட்டு, அடியில தெரியிற வெள்ளைப் பகுதியை அப்படியே திறந்து விட்டுடுவாங்க. வேலை சீக்கிரம் முடியும். ஆனா காலியா கிடக்கிற இடத்துல சதை திரும்ப வளர வாய்ப்பு ரொம்ப அதிகம். சில ஆய்வுகள்ல பாதிப் பேருக்கும் மேல திரும்ப வந்திருக்கு. பெரியப்பாவுக்கு ஒரு வருஷத்துக்குள்ள வந்துடுச்சு, முன்னைவிடத் தடிமனா.

"எடுத்தா திரும்ப வளரும்டா, விடு"ன்னு சொல்லிட்டு 15 வருஷம் அப்படியே இருந்தார். பஸ் நம்பரைப் பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட கேக்க ஆரம்பிச்சப்போதான் நாங்க பிடிச்சு இழுத்துட்டுப் போனோம்.

"இந்தத் தடவை வராதுன்னு என்ன நிச்சயம்?"னு டாக்டர்கிட்ட கேட்டேன். "நிச்சயம்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அந்த இடத்தைக் காலியா விட மாட்டேன்"னாங்க.

அதுதான் இப்போ பரவலா இருக்கிற முறை. 1985-ல கென்யனும் அவர் குழுவும் எழுதின கட்டுரைக்கு அப்புறம் இது பரவுச்சு. கண்ணை மட்டும் மரத்துப்போக வெச்சு, சதையை எடுத்துடுறாங்க. மேல் இமைக்கு அடியில, வெயிலே படாத இடத்துல இருந்து அதே கண்ணோட மெல்லிய தோலைக் கொஞ்சம் எடுத்து, காலி இடத்துல ஒட்டு போடுறாங்க. முன்னாடி தையல் போட்டாங்க, நூல் உறுத்தும். இப்போ நிறைய இடங்கள்ல ஃபைப்ரின் பசை. அடிபட்டா ரத்தம் உறையுதுல்ல, அதே வேதியியல்தான். சிலர் நோயாளியோட சொந்த ரத்தத்தையே பசையா பயன்படுத்துறாங்க. ஒட்டு போட்டா திரும்ப வர்றது ரொம்பவே குறையுது.

மைட்டோமைசின்னு ஒரு மருந்தும் உண்டு. சதை திரும்ப வளர்றதைத் தடுக்கும். ஆனா அளவு மீறினா கண்ணோட வெள்ளைச் சுவரே மெலிஞ்சு போகலாம். அதனால பார்த்துப் பார்த்துத்தான் போடுவாங்க.

புரொடக்‌ஷன்ல பக் ஃபிக்ஸ் பண்ணவங்களுக்குத் தெரியும்: எடுக்கிறது வேற, திரும்ப வராம பார்த்துக்கிறது வேற.

பெரியப்பா கண்ணு இன்னும் கொஞ்சம் சிவப்பாத்தான் இருக்கு. சொட்டு மருந்து ஓடுது. திரும்ப வர்றதுன்னா பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ள தெரிஞ்சிடும்கிறதால, செக்கப்பைத் தவறவிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இப்போ தொப்பியும் கூலிங் கிளாஸும் இல்லாம வாசல்கூடத் தாண்ட மாட்டார்.

உங்க வீட்டுல வயல்லயோ, கடல்லயோ, கட்டட வேலையிலயோ வெயில்ல நின்னவங்க இருந்தா, இன்னைக்கு அவங்க கண்ணை ஒரு தடவை உத்துப் பாருங்க. ஆபரேஷன்னு வந்தா கூச்சப்படாம ஒரே கேள்வி கேளுங்க: "எடுத்த இடத்துல என்ன வைப்பீங்க டாக்டர்?"

அடுத்த வாரம் பார்ப்போம்.