வெள்ளைக் காலுறையும் ஊர்த் தண்ணீரும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிப் பிள்ளைகளின் காலுறையைப் பற்றிப் பேசவா இக்கூட்டம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் காலுறை வெளுக்கவில்லை என்று, குடிநீர்த் தொட்டிக்காக வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடரில் ஒரு பிடி கேட்போர் உண்டு. மறுக்க மனமின்றிக் கொடுப்போரும் உண்டு. ஆகவே இது பஞ்சாயத்தின் காரியமுமாகிறது.

காலுறை பழுப்பேறுவதற்கு அழுக்கு மட்டும் காரணமன்று. நம் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவுக்காரத்தோடு கூடித் திரிதிரியாகத் துணியில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு சவுக்காரம் தேய்க்கிறோமோ அவ்வளவு பழுப்பு ஏறுகிறது!

நம் சலவைத் தொழிலாளர் இதனை நன்கறிந்திருந்தனர். உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி வேகவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தினர். அங்கே வேலை செய்தவை காரமும் சூடும் வெயிலுமே. உவர்மண்ணிலிருந்த காரமே இன்று சலவைச் சோடா என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது. காஸ்டிக் சோடா வேறு. அது கையைப் பொசுக்கிவிடும். கேட்டு வாங்குங்கள்.

சேறு படிந்த காலுறையை உடனே நனைக்கலாகாது. காயவைத்து உதறினால் பாதி மண் போய்விடும். பின்பு உட்புறத்தை வெளியே திருப்புங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அங்கேதான். கை பொறுக்கும் சூட்டில் 5 லிட்டர் நீரில் 1 மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்து, அரைமணி நேரம் ஊறவையுங்கள். சோடா முதலில், சவுக்காரம் பின்னர். இம்முறையை மாற்றினால் பயனில்லை. குதிகாலையும் பாதத்தையும் கசக்கி, இருமுறை அலசுங்கள். பருத்தியானால் நல்ல வெயிலிலும், நைலானானால் நிழலிலும் உலர்த்துக. நீலம் போடுவது உங்கள் விருப்பம்; அது அழுக்கை நீக்குவதில்லை, மஞ்சளை மறைக்கிறது, அவ்வளவே.

சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண்ணின் சிவப்பு இரும்பினால் வந்தது. பிளீச்சிங் பவுடர் அதனைப் போக்காது. பருத்தித் துணியில் அக்கறை எஞ்சினால், எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம்.

பிளீச்சிங் பவுடரோ நைலானை மஞ்சளாக்கும். மேல்விளிம்பின் ரப்பர் நூலை இற்றுப்போகச் செய்யும். அதனோடு கழிவறை கழுவும் அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். எலுமிச்சைச் சாற்றையும் அதனோடு சேர்க்கக் கூடாது.

தொட்டியின் கதையோ இன்னும் பெரிது. பை அடிக்கடி திறக்கப்பட்டால் பவுடரின் வீரியம் காற்றிலேயே போய்விடும். குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வீரியம் குன்றிய பவுடரை வழக்கமான அளவில் போட்டால் அது எஞ்சாது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வீடுவீடாகப் பரவ இடமாகும். அந்தப் பை எந்த அறையில் இருக்கிறது, வாய் கட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் உள்ளது என்பவற்றை அங்கத்தினர்கள் இன்றே கேட்டறிய வேண்டுகிறேன்.